இன்னொரு ராத்திரி கிடக்கட்டும்

அத்தியாயம் 11

வீம்பாக இறங்கிப் போன தங்கை ஆறு வருஷம் கழித்து உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மலையேறி வந்து நின்றால் அக்கா என்ன செய்வாள்? போன வாரம் பார்த்தோம். தொமாசா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழுவத்து வாசலை அடைத்திருந்த கல்லை நகர்த்தி, மூட்டை சுமந்து வந்த லாமா மிருகங்களுக்கு வழி விட்டாள். அவ்வளவுதான் வரவேற்பு.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஹசிந்தாவின் ஊர் ஒரு நாள் நடையில் கீழே இருக்கிறது. எங்களுக்கு ஜூன்தான் கடுங்குளிர் மாதம்; அங்கே இந்த ஜூனில் உறைபனி விழவில்லை. போன ஜூனிலும் விழவில்லை. உறைபனி இல்லையென்றால் சுன்யோ இல்லை. ராத்திரிப் பனியில் கிழங்கைக் கல்லாக உறைய விட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு எடுக்கிற கறுப்பு வற்றல்தான் சுன்யோ. பச்சைக் கிழங்கு சில மாதத்தில் முளைவிட்டுக் கெட்டுப்போகும். சுன்யோ வருஷக்கணக்கில் கிடக்கும். அது வீட்டில் இருந்தால் விளைச்சல் பொய்த்தாலும் சமாளித்துவிடலாம். இல்லாவிட்டால் ஜனவரி மாதம் சட்டியில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும்.

ஹசிந்தா வீட்டில் பானைகள் காலி. நல்ல பனி விழுகிற தரை இந்த வட்டாரத்தில் மிச்சமிருப்பது மேலே, தொமாசாவின் தொழுவத்தை ஒட்டித்தான். அதனால் ரோஷத்தையும் மடித்து மூட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். கூடவே மகள் யெனி.

இந்த யெனியால்தான் அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில், ஒண்டியாக இருக்கிற பெண்ணுக்குத் துணையாகச் சொந்தத்தில் ஒரு குழந்தையை விட்டுவைப்பது வழக்கம். தொமாசாவுக்குப் பிள்ளை இல்லை. கணவன் மெல்சோர் சுரங்க வேலைக்கென்று போனவன், போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஹசிந்தா தன் ஐந்து வயது யெனியை அக்காவிடம் விட்டாள். பிள்ளை இந்த மேட்டிலேயே வளர்ந்தது. அப்புறம் ஊற்று சுருங்கியது, சதுப்பு காய்ந்தது, கம்பளிக்காக வளர்த்த அல்பாக்காக்களின் குட்டிகள் வரிசையாகச் செத்தன. 'இனிமேல் இங்கே என்ன இருக்கிறது' என்று ஹசிந்தா ஒருநாள் வந்து, பதினான்கு வயதுப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இப்போது யெனிக்கு இருபது வயது. தொமாசாவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று அவளிடம் இருக்கிறது. கிளம்பும்போதே ஹசிந்தா மகளிடம் சொல்லியிருந்தாள்: இந்த வருஷம் சுன்யோ தேறினால் நீ வீட்டோடு இரு. தேறாவிட்டால் உன் சிநேகிதி வில்மாவோடு கடற்கரைப் பக்கம் போ, திராட்சை அடுக்குகிற கொட்டகையில் வேலை இருக்கிறதாம்.

ஆக, அந்தக் கிழங்கில் உறைந்துகொண்டிருந்தது ஒரு வருஷத்துச் சாப்பாடு மட்டுமல்ல.

*

மூன்றாம் நாள் காலை. சூரியன் இன்னும் எதிர்மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தொமாசா எழுந்து வெளியே வந்தாள். உள்ளே தங்கை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் குறட்டை. முதல் ராத்திரி தொமாசாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. நேற்று ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

பரப்பியிருந்த கிழங்கெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. நடுவில் போய்க் குந்தி, இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள்.

கல்லும் கல்லும் மோதுகிற சத்தம்.

வேறு இரண்டை எடுத்தாள். அதே சத்தம். சந்தேகத்துக்கே இடமில்லை. வெயில் ஏறி லேசாக இளகியதும் மிதித்துவிடலாம். மூன்று பேர் மிதித்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீர் இறங்கிய கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டு போய், காயப்போடுவதைக் கீழேயே பார்த்துக்கொள்வதாக ஹசிந்தா வந்த அன்றே சொல்லிவிட்டாள். அங்கே பனிக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை.

அதாவது, இன்றைக்கு மத்தியானம் இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

தொமாசா குந்தியபடியே இருந்தாள். இந்த மேட்டில் முன்பு நான்கு குடும்பங்கள் இருந்தன. மற்ற மூன்று வீடுகளின் புல்கூரையும் உள்ளே விழுந்துவிட்டது. காலையில் அவள் வீட்டுப் புகை மட்டும்தான் மேலே போகும். பேசிப் பழக்கம் விட்டுப்போய், முந்தாநாள் 'சூப் குடி' என்று சொல்வதற்குள் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்று யெனி எதற்கோ சிரித்தாள். ரேடியோவிலிருந்து வராத சிரிப்பை அந்த வீடு கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஒரே ஒரு நாள் கூட இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜூன் மாதத்தில் இந்த உயரத்தில் மேகம் என்ற பேச்சே கிடையாது. ராத்திரி மறுபடியும் உறையும். நாளைக்கு மிதித்தால் போயிற்று. சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே வரும்.

தப்புப் பண்ணுவது என்று தீர்மானித்துவிட்டால் நம் மனசே நமக்கு வக்கீலாகிவிடும். தொமாசா மட்டும் என்ன விதிவிலக்கா?

"என்னக்கா, ஆச்சா?" ஹசிந்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"ஆகல."

"ஆகலயா? ராத்திரி என் காதே அறுந்து விழுற மாதிரி குளிருச்சே!"

"உன் காது விழுந்தா கிழங்கு உறைஞ்சுடுமா?" தொமாசா எழுந்து போய், கல்சுவர் ஓரமாகக் கிடந்த ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தாள். "பாரு. உள்ளே இன்னும் பச்சையா இருக்கு. இப்ப மிதிச்சா நடுவுல தண்ணி நின்னுடும். பானையில போட்ட பின்னாடி பூஞ்சை பிடிக்கும். இன்னொரு ராத்திரி கிடக்கட்டும்."

சுவரோரத்துக் கிழங்குக்குப் பனி சரியாக எட்டாது. ஹசிந்தாவுக்கும் ஒரு காலத்தில் தெரிந்த விஷயம்தான். கீழே வாழ்க்கைப்பட்டுப் போய் மறந்துவிட்டாள். மறக்காவிட்டாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். பனித்தரை யாருடையதோ, அவள் 'மிதிங்க' என்று சொல்லாமல் வேறு யாரும் கிழங்கில் காலை வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அதை மீறினவர்கள் இல்லை.

"வீட்டுல அவரு ஒத்தையா இருக்காரு. முதுகுவலியோட அடுப்பு மூட்டணும்," என்று மட்டும் முனகினாள்.

"ஒரு நாள் ஒத்தையா இருந்தா செத்தா போயிடுவாரு?"

கேட்டபிறகு அந்தக் கேள்வி தொமாசாவுக்கே சுட்டது.

யெனி எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு கிழங்குப் பரப்புக்கு நடுவில் நின்றிருந்தாள். "பெரியம்மா சொன்னா சரியாத்தான்மா இருக்கும்," என்றாள். "அவளுக்குத் தெரியாததா? இன்னொரு ராத்திரி கிடக்கட்டுமே."

தொமாசாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளைக்கும் போக மனசில்லை. வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். வளர்த்த பாசம் எங்கே போகும்?

*

வீட்டுக்குப் பின்னாலேயே ஊற்று இருந்த காலத்தில் அல்பாக்காக்களைத் தண்ணீருக்கு ஓட்டவேண்டிய வேலையே கிடையாது. பஞ்சுபோல் அமுங்குகிற சதுப்பில் அதுகள் பாட்டுக்கு நின்று மேயும், குடிக்கும். இப்போது மேட்டைத் தாண்டிக் குட்டை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். தொமாசாவும் யெனியும் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹசிந்தா வீட்டைப் பெருக்குகிறேன் பேர்வழி என்று தங்கிவிட்டாள். அக்கா வீட்டைப் பெருக்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

காய்ந்த சதுப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"முன்னாடி இங்கே ஓடினா முழங்கால் வரைக்கும் உள்ளே போயிடும்," என்றாள் யெனி.

"ஒரு தடவை மாட்டிக்கிட்டு ஊரையே கூட்டினியே! இழுத்த இழுப்புல காலு வந்துச்சு, செருப்பு வரல."

"அந்த டயர் செருப்பு! இன்னும் உள்ளேதான் கிடக்கும்."

"எங்கே கிடக்குது? போன வருஷம் தரை வெடிச்சப்போ வெளியே வந்துடுச்சு. எடுத்துக் கழுவி வச்சிருக்கேன்."

யெனி நடையை நிறுத்தினாள். "எதுக்கு பெரியம்மா அதையெல்லாம் எடுத்து வச்சிருக்கே? ஒத்தைச் செருப்பு. அதுவும் சின்னப்பிள்ளை அளவு."

"எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

குட்டையில் அல்பாக்காக்கள் வரிசையாகக் கழுத்தை இறக்கின. காதில் சிவப்பு நூல்குஞ்சம் தொங்கிய வெள்ளைப் பெட்டை ஒன்று யெனியின் பக்கமாக வந்து தோளை முகர்ந்தது. தொமாசாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடையாளம் தெரியுதா? உன்னோடது. சின்னதுல உனக்குன்னு விட்ட பெட்டையோட பேத்தி. பாதி மந்தையை வித்துட்டேன், புல்லு இல்லாம. உன் குஞ்சம் கட்டினதுல ஒண்ணைக் கூடத் தொடல."

"வித்திருக்கலாமே."

"உன்னோடதை நான் எப்படி விப்பேன்? நீ வந்து கேட்டா என்ன சொல்வேன்?"

யெனி அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "பெரியம்மா, நீ கடலைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள்.

"டிவியில."

"வில்மா அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறா. திராட்சைக் கொட்டகையில. அங்கே மழையே பெய்யாதாம். சுத்தி வெறும் மணலாம்."

"மணல்ல எப்படிடி திராட்சை விளையும்?"

"குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டா தண்ணி விடுறாங்களாம். மலையிலேர்ந்து வர்ற தண்ணி."

"ஓஹோ! இங்கே காணாமப் போனது அங்கே போய்த்தான் உட்கார்ந்திருக்கா?" தொமாசா தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தாள். "வில்மாகிட்ட சொல்லு, வரும்போது ஒரு குடம் திருப்பிக் கொண்டாரச் சொல்லு."

யெனியும் சிரித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், "போன் பார்த்துட்டு வரேன்," என்று குட்டைக்கு மேலே இருந்த பாறையில் ஏறிவிட்டாள். இந்த மேட்டில் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும்தான். நேற்று சாயங்காலமும் ஏறினாள்.

"யாருடி அவன்?" என்று தொமாசா கீழேயிருந்து கத்தினாள்.

"ஒருத்தனும் இல்லை!"

"அப்படித்தான் சொல்வாங்க!"

இறங்கி வந்தபோது யெனியின் முகம் சரியாக இல்லை. காதல் விவகாரம்தான் என்று தொமாசா முடிவு கட்டினாள். கேட்டால் வாயை மூடிக்கொள்வாள், ராத்திரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கறந்துவிடலாம். அதற்குத்தான் இன்னொரு ராத்திரி கையில் இருக்கிறதே.

*

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹசிந்தா கினோவாத் தானியக் கஞ்சியில் அல்பாக்கா உப்புக்கண்டத்தைத் தட்டிப் போட்டிருந்தாள். வெளியே வெயிலில் உட்கார்ந்து மூவரும் குடித்தார்கள். வாயில் சூடு பட்டதும் ஹசிந்தாவுக்குப் பழைய பேச்சு ஞாபகம் வந்துவிட்டது.

"நீயும் இறங்கி வந்துடேன்க்கா. எத்தனை நாள் இப்படி காக்கா குருவி இல்லாத இடத்துல?"

"வந்து? உன் வீட்டுக்காரருக்கு முதுகு தேய்ச்சு விடவா?"

"அவருக்கு நான் இருக்கேன். நீ உன் பாட்டுக்கு இரு."

"உன் வீட்டு மூலையில என் பாட்டுக்கு இருக்குறதுக்கு, என் வீட்டு நடுவுலயே என் பாட்டுக்கு இருந்துக்கிறேன். செத்தாலும் இங்கேர்ந்து இறங்க மாட்டேன் ஹசிந்தா. அந்தப் பேச்சை எடுக்காதே."

"நான் எடுத்தா மட்டும் கோபம் வந்துடும் உனக்கு."

"வேற யாரு இருக்கா இங்கே எடுக்க?"

ஹசிந்தா பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தாள். அப்போதுதான் காற்று மாறியது.

மேட்டுக்காற்று ஜூனில் உலர்ந்து கத்திபோல வரும். இது பள்ளத்திலிருந்து, காட்டுப் பக்கமிருந்து, வெதுவெதுப்பாக ஈரத்தோடு வந்தது. தொமாசா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எதிர்மலைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று எட்டிப்பார்த்தது.

"அக்கா, அது மேகமா?"

"ஜூன்ல ஏது மேகம்? எங்கேயோ புல்லு கொளுத்துறாங்க."

சொன்னாளே தவிர, அவளே எழுந்து நின்று பார்த்தாள். புகை அவ்வளவு அகலமாக எழும்பாது. ஊற்று வற்றியதைப் பார்த்தவள், குட்டிகள் செத்ததைப் பார்த்தவள், ஐயா என்று நாங்கள் கும்பிடுகிற பெரிய மலையின் தலையில் வருஷா வருஷம் பனி குறைவதைக் கண்ணால் கண்டவள். அத்தனைக்குப் பிறகும் ஜூன் மாதத்து ஆகாயம் ஒன்றாவது மாறாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதை நம்பித்தான் காலையில் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் மறைந்தது.

"மிதிங்க!" தொமாசா பாவாடையை உயர்த்திச் செருகிக்கொண்டு ஓடினாள். "செருப்பைக் கழட்டுங்கடி, மிதிங்க!"

மூவரும் வெறுங்காலோடு இறங்கினார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குவியல் குவியலாகக் கூட்டி, குதிகாலால் அழுத்தி அரைத்து மிதித்தார்கள். முதலில் நன்றாகத்தான் வந்தது. தண்ணீர் பீச்சியடித்தது, தோல் கழன்றது. தங்கையின் மூச்சு காதருகே இரைத்தது. யெனியின் விரல்கள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. இப்படி மூன்று பேராக மிதித்து எத்தனை காலமாயிற்று! அந்த அவசரத்திலும் தொமாசாவுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து அப்புறம் ரொம்ப வெட்கப்பட்டாள்.

கால்வாசி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பனிக்கட்டி மழைகூட இல்லை, சாதாரண மழை. மழைக்காலத்தில், பிப்ரவரியில் பெய்யவேண்டியது. உறைந்த கிழங்கில் மழைத்தண்ணீர் பட்டதும் எல்லாம் கூழாயிற்று. மிதித்தால் தோல் பிரியாமல் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஹசிந்தா வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் மிதித்தாள். அவள் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. மலை ஐயாவைக் கூப்பிடுகிறாளா, திட்டுகிறாளா என்று மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

மிதித்து முடித்ததை மட்டும் வாரி மூட்டையில் போட்டு பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். மற்றதெல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தது. மழை விட்டாலும் அதற்கு உபயோகமில்லை. இரண்டு நாளில் நாறும், லாமாக்கள்கூட முகரமாட்டா.

*

ஈரத் துணியை மாற்றிக்கொண்டு மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஹசிந்தா காலில் ஒட்டியிருந்த கிழங்குத் தோலைப் பிய்த்துப் பிய்த்து நெருப்பில் போட்டாள்.

"காலையிலேயே மிதிச்சிருந்தா இந்நேரம் மூட்டையில ஏறியிருக்கும்," என்றாள். குற்றம் சாட்டவில்லை, விதியை நொந்துகொண்டாள். "நம்ம நேரம். நீ என்னக்கா பண்ணுவே? கிழங்கு உறையலேன்னா உறையல."

அதுதான் தாங்கமுடியாமல் போயிற்று. திட்டியிருந்தால் தொமாசா எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பாள்.

"உறைஞ்சிருந்துச்சு," என்றாள்.

"என்னது?"

"காலையில எல்லாம் கல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். சுவரோரத்துல கிடந்ததை எடுத்துக் காட்டி உன்னை ஏமாத்தினேன்."

ஹசிந்தாவின் கை அப்படியே நின்றது. "எதுக்கு?"

"மிதிச்சா போயிடுவீங்கன்னு."

அப்புறம் வந்தது கோபம். ஹசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். "என் வீட்டு ஒரு வருஷச் சோறு அது, அக்கா! 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்திருக்க மாட்டேனா? உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா இருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷமா எட்டிப் பார்த்தியா நீ?"

"அன்னிக்கு இவளைக் கூட்டிட்டுப் போறப்போ கல்லை எடுத்து அடிக்க வந்தியே! யாரு எட்டிப் பார்ப்பாங்க?" ஹசிந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இப்ப என்ன பண்ணி வச்சிருக்கே தெரியுமா? சுன்யோ தேறினா வீட்டோட இருன்னு இவகிட்ட சொல்லியிருந்தேன். தேறலேன்னா வில்மாவோட கடற்கரைக்கு. இப்ப அனுப்பித்தான் ஆகணும். சாப்பாட்டுக்கு வேற வழி?"

தொமாசாவுக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது. யெனியைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். ஒரு நாள் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, பிள்ளையைத் தானே ஒரேயடியாக விரட்டிவிட்டாள்.

"நானா?" என்று நெற்றியில் அறைந்துகொண்டாள். "நானா அனுப்பினேன் உன்னை? ஐயோ, என் கண்ணே, நானா?"

"நீ அனுப்பல பெரியம்மா." யெனி நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காலையில நீ கிழங்கைத் தட்டுறதுக்கு முன்னாடியே நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியும்."

ஹசிந்தா மகள் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் போன்ல பார்த்தேன். இன்னிக்கு மழைன்னு போட்டிருந்துச்சு. இன்னிக்குக் குட்டைக்குப் போனப்பவும் அதேதான் போட்டிருந்துச்சு. நீ 'கிடக்கட்டும்'னு சொன்னதும்... நானும் கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஹசிந்தா கையை ஓங்கினாள். யெனி முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கை பாதியிலேயே தளர்ந்தது. "அவ்வளவு கிழங்கைடி! நானும் உங்கப்பனும் மண்ணுல கிடந்து தோண்டினதைடி!"

"தெரியும்மா." இப்போது யெனியும் அழுதாள். "ஆனா தேறினா இரு, தேறாட்டி போன்னியே, எனக்குப் போகணுமான்னு ஒரு தடவை கேட்டியா? அஞ்சு வயசுல பெரியம்மாவுக்குத் துணைன்னு இங்கே விட்டே. பதினாலு வயசுல உனக்குத் துணைன்னு கூட்டிட்டுப் போனே. எனக்குப் போகணும். கிழங்கு தேறினாலும் எனக்குப் போகணும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமதான் இப்படிப் பண்ணிட்டேன்."

தொமாசா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் 'இன்னொரு ராத்திரி கிடக்கட்டுமே' என்று இவள் சொன்னபோது நெஞ்சு நிறைந்துபோன நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. நாளைக்குக் காலை இவர்கள் இறங்கியபிறகு வரப்போகிற சாயங்காலத்தை நினைத்தாள். அதற்கடுத்த சாயங்காலத்தை நினைத்தாள்.

"ஹசிந்தா," என்றாள். "அல்பாக்கா எல்லாத்தையும் நீ ஓட்டிட்டுப் போ. உன் கிழங்குக்கு ஈடா வச்சுக்கோ. வித்துக்கோ, அறுத்துத் தின்னு, என்னமோ பண்ணிக்கோ."

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

"ஓட்டிட்டுப் போன்னா போ." யெனியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நானும் உன்கூட வந்துடுறேன்டி. அந்தக் கொட்டகையில எனக்கும் ஏதாவது வேலை இருக்கும். பெருக்குறேன், பாத்திரம் கழுவுறேன். உனக்கு நான் பாரமா இருக்க மாட்டேன். என்னையும் கூட்டிட்டுப் போ."

செத்தாலும் இறங்கமாட்டேன் என்று மத்தியானம் சொன்னவள். ஹசிந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யெனி நிமிர்ந்தாள். அந்த முகத்தை ஐந்து வயதிலிருந்து கழுவித் துடைத்துத் தலைவாரி விட்டவள் தொமாசா. அதில் என்ன வருகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

யெனி கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அங்கே ரொம்பச் சூடு பெரியம்மா," என்றாள். "உனக்கு ஒத்துக்காது."